முதல் வெள்ளியன்று அடைத்துக்கொண்ட குழாய்

விக்கலில்தான் ஆரம்பித்தது. அடையாறில் எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தேன். விக்கல் வந்தது. தண்ணீர் குடித்தேன், மூச்சை அடக்கினேன், சர்க்கரை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். நிற்கவில்லை. "யாரோ உங்கள ரொம்ப நினைக்கிறாங்க மேம்" என்று பக்கத்து இருக்கைப் பெண் கிண்டல் செய்தாள். "நினைக்கிறவங்க போன் பண்ணித் தொலைய வேண்டியதுதானே, எதுக்கு இந்தக் கொடுமை?" என்றேன். மாலை வரை விக்கிக்கொண்டே வேலை பார்த்தேன்.

மறுநாள் காலையில் எழுந்தபோது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. குரல் கரகரத்தது. சரி, சாப்பிட்டால் சரியாகும் என்று இட்லியைப் பிட்டு வாயில் போட்டேன். மென்றேன். அதற்கு மேல் அதை என்ன செய்வது என்று என் தொண்டைக்குத் தெரியவில்லை. தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்த்தேன், தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. என் கணவர் வின்சென்ட் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டையைத் தப்பாகப் பொத்தான் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார்.

மயிலாப்பூரில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முகுளத்தின் (மூளையின் அடியில், மூச்சையும் விழுங்குதலையும் கவனித்துக்கொள்ளும் பகுதி) இடது ஓரத்தில் சின்னதாக ஒரு பக்கவாதம். "கை, கால், புத்தி எல்லாம் தப்பிச்சிடுச்சும்மா. விழுங்குறது மட்டும் போயிருக்கு. பெரும்பாலும் திரும்பி வரும். எப்போன்னு கேட்காதீங்க" என்றார் நரம்பியல் டாக்டர். நாள் ஆக ஆக வாய்ப்பு குறையும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் மெடிக்கல் கோடிங் செய்பவள். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் டாக்டரும் நர்சும் எழுதிய குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்களைப் போட வேண்டும். அந்த எண்களைப் பார்த்துத்தான் அங்கே காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். டாக்டர் எழுதாததை நாங்களாக ஊகிக்கக் கூடாது. எனக்குக் கொடுத்திருந்தது வயிறு, குடல் பிரிவு. அதிலும் கேஸ்ட்ரோஸ்டமி (வயிற்றுத் தோலில் துளையிட்டு இரைப்பைக்குள் உணவுக்கென்று குழாய் வைப்பது) என்றால் அலுவலகத்தில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள்.

குழாய் சும்மா வயிற்றில் இருந்தால் ஓர் எண். அதைப் பார்க்கவென்றே நோயாளி வந்தால் வேறு எண். அடைத்துக்கொண்டால் இன்னொன்று. அடைத்ததா, விலகியதா, உடைந்ததா என்று டாக்டர் எழுதாமல் "குழாய் மாற்றப்பட்டது" என்று மட்டும் முடித்திருந்தால் எனக்குக் கோபம் தலைக்கேறும். "இந்த ஆளுக்கு ஒரு வரி எழுதினா கை ஒடிஞ்சிடுமா?" என்று கணினியைத் திட்டுவேன். ஆனால் அப்படி ஒரு குழாயை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. முதலில் பார்த்தது என் வயிற்றில்தான்.

முதல் சில வாரங்கள் மூக்கு வழியாக ஒரு குழாய். பிறகு அதை எடுத்துவிட்டு வயிற்றில் வைத்தார்கள். மயக்கம் தெளிந்து, கட்டுக்கு வெளியே பென்சில் கனத்தில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், "அட, நீதானா அது" என்று அதனிடம் சொன்னேன். பக்கத்திலிருந்த நர்ஸ் எனக்கு மயக்கம் தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

குழாயோடு வாழ்வது அவ்வளவு சிரமமில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அடுத்த வாரம் குழாய் வைக்கப்போகிறார்கள் என்றால், பயப்படாதீர்கள். குளிக்கலாம், நடக்கலாம், வேலை பார்க்கலாம். நான் இரண்டு மாதத்திலேயே வீட்டிலிருந்து வேலையை ஆரம்பித்துவிட்டேன். வின்சென்ட் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். சத்துமாவுப் பால் ஏற்றும் நேரத்தை விளையாட்டுப் பீரியடு போல நடத்தினார். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு பால், பிறகு மறுபடியும் தண்ணீர். ஒரு கட்டத்தில் விசிலையும் எடுத்தார். "ஊதினீங்கன்னா குழாயப் பிடுங்கி உங்க வாயில வெச்சிடுவேன்" என்று சொன்ன பிறகுதான் அதைப் பீரோவில் வைத்தார்.

சிரமம் எச்சில்தான். விழுங்க முடியாதவர்களுக்கு எச்சிலும் ஓர் எதிரி. எங்கே போனாலும் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர், மேலே ஒரு கைக்குட்டை. துப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கிக் கட்டாத பட்டுப்புடவைகளைப் பார்த்தால், இந்த டம்ளரோடு எந்தக் கல்யாணத்துக்குப் போவது என்று தோன்றும்.

அதைவிடப் பெரிய சிரமம் ஒன்று இருந்தது. வின்சென்ட் என் கண் முன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அவர் ரசித்துச் சாப்பிடுகிற மனிதர். தட்டில் மீன் குழம்பு விழுந்தால் உலகம் மறந்துவிடும். அப்படிப்பட்டவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தட்டுச் சத்தம் கேட்காமல் நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தார். ஆனால் பட்டினி கிடப்பவள் காதுக்கு எது தப்பும்? ஒருநாள் கதவைத் தள்ளித் திறந்தேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் குனிந்து, ரசம் சாதத்தைப் பாத்திரத்தோடு வாயில் சரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இது உங்க வீடுதானே? திருடன் மாதிரி எதுக்கு நிக்கிறீங்க?"

"உன் முன்னாடி உட்கார்ந்து எப்படி ரோசி சாப்பிடுறது? தொண்டையில இறங்க மாட்டேங்குது" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே என்ன சொன்னோம் என்று புரிந்தது. நான் சிரித்தேன். சிரிப்பு அழுகையாகிவிட்டது. அவருடைய பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருந்ததை அன்றுதான் கவனித்தேன். எனக்குப் பிரியாணி வேண்டாம், மாம்பழம் வேண்டாம். இந்த மனிதரோடு ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். சாமியிடம் நான் கேட்டதும் அதைத்தான்.

விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்க நித்யா என்ற பெண் வந்துகொண்டிருந்தாள். எங்கள் மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர். நாக்கை நீட்டச் சொல்வாள், குரலை உச்சத்துக்குக் கொண்டுபோகச் சொல்வாள். வீடியோ ஃப்ளூரோஸ்கோபி (வெள்ளை மருந்து கலந்த உணவை விழுங்கும்போது, அது போகும் வழியை எக்ஸ்ரேயில் படமாக ஓடவிட்டுப் பார்ப்பது) ஒரு தடவை செய்தார்கள். மருந்து மூச்சுக்குழாய்ப் பக்கம் திரும்பியதும் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அடுத்த சோதனை எப்போது என்று நான் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

இந்த நிலைமையில்தான் அந்த முதல் வெள்ளிக்கிழமை வந்தது.

வின்சென்ட்டின் அக்கா பிலோமினா பாலவாக்கத்தில் இருக்கிறார். தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதத்தின் முதல் வெள்ளியன்று படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்குக் கோயிலிலிருந்து நற்கருணை (பூசையில் ஆண்டவரின் உடலாக அர்ச்சிக்கப்பட்ட மெல்லிய கோதுமை அப்பம்) எடுத்துச் சென்று கொடுப்பவர். அன்று மதியம் எனக்குப் பால் ஏற்றி முடிக்கிற நேரத்துக்குச் சரியாக வந்தார். கழுத்தில் சின்னப் பை, அதற்குள் சிமிழ்.

"ஊர்ல எல்லாருக்கும் குடுத்துட்டு வரேன். என் தம்பி பொண்டாட்டி மட்டும் எத்தனை மாசமா ஆண்டவர வாங்காம கிடப்பா?"

"அக்கா, வாயில ஒரு சொட்டுத் தண்ணிகூட வைக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றேன்.

"வாயில யாரு வைக்கச் சொன்னா? வயித்துக்குத்தானே போகணும்? அதுக்குத்தான் நேர் வழி போட்டுக் குடுத்திருக்காங்களே!" என்று என் வயிற்றைக் காட்டினார்.

பங்குத்தந்தையிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். சின்னத் துணுக்காக, நிறையத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம் என்று ஃபாதர் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அதில் திருப்தியில்லை. "துணுக்கென்ன துணுக்கு, நோயாளின்னா அதுலயும் கஞ்சத்தனமா?" என்று முழு அப்பத்தையும் இரண்டு கரண்டித் தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்தார். வின்சென்ட் சிரிஞ்சில் எடுத்து மெதுவாகச் செலுத்தினார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தனை மாதமும் எனக்குள் போனதெல்லாம் ஊட்டம், அளவு, நேரம். இதுதான் முதன்முதலாக யாரோ எனக்கென்று கொண்டுவந்து கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

வழக்கம்போல வின்சென்ட் தண்ணீர் சிரிஞ்சைக் கையில் எடுத்தார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "டேய் வின்சு! நற்கருணை வாங்கின உடனே எவனாச்சும் தண்ணி குடிப்பானா? கால் மணி நேரம் போகட்டும்."

நாங்கள் மூவரும் சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் அப்படித்தான் கற்றிருந்தோம். நற்கருணை வாங்கியதும் எதுவும் குடிக்கக் கூடாது, துப்பக் கூடாது, பேசாமல் ஜெபிக்க வேண்டும். வின்சென்ட் சிரிஞ்சைக் கீழே வைத்தார். பாலுக்குப் பிறகு தண்ணீர் விடாததால் அடைத்துக்கொண்ட குழாய்களை வேலையில் தினம் தினம் பார்ப்பவள் நான். நானும் வாயைத் திறக்கவில்லை. டம்ளரையும் மரியாதைக்காகத் தள்ளி டி.வி. பக்கத்தில் வைத்துவிட்டேன். பிலோமினா அக்காவின் கால் மணி நேரத்துக்குள் ஒரு முழு ஜெபமாலையும் மாதா பிரார்த்தனையும் அடக்கம்.

பிறகு தண்ணீர் ஏற்றினால் போகவில்லை. சிரிஞ்சு கல்லில் முட்டியது போல நின்றது. வின்சென்ட் பதறி, அழுத்தம் அதிகம் வரட்டும் என்று சின்ன சிரிஞ்சைத் தேடினார். "சின்னது வேணாங்க! டியூப் வெடிச்சிடும்!" என்று கத்தினேன். வெந்நீரைப் பெரிய சிரிஞ்சில் எடுத்து, தள்ளியும் இழுத்தும் பார்க்கச் சொன்னேன். குழாயை விரல்களால் உருட்டினோம். அசையவில்லை. மாவும் பாலும் உள்ளே சேர்ந்து பசையாகக் காய்ந்துவிட்டிருந்தன.

"கலர் சோடா ஊத்திப் பார்க்கலாமா? யாரோ சொன்னாங்க, கலர் ஊத்தினா கரைஞ்சிடுமாம்" என்றார் வின்சென்ட்.

"கலரா? உள்ள ஆண்டவர் இருக்காரு, இவன் கலர் ஊத்துறானாம்!" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. கலர் ஊற்றினால் பால் இன்னும் திரிந்து இறுகும் என்று நானும் தடுத்தேன். காரணம் வேறாக இருந்தாலும் அன்று நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

ஆட்டோவில் கட்சி உடைந்தது. "தண்ணி விட்டிருந்தா இந்தப் பாடு உண்டா அக்கா?" என்று நான் ஆரம்பிக்க, "உனக்குத் தெரியும்னா சொல்ல வேண்டியதுதானே, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அவர் திருப்ப, "கொழுக்கட்டை போட்டாத்தான் முழுங்க முடியாதே!" என்று நான் கத்தினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் வின்சென்ட்டைப் பார்த்தார். "இன்னா சார், பேஷன்ட் யாருன்னே தெர்ல. ரெண்டு பேரும் இப்டிக் கூவிக்கினு வர்றாங்க?"

வயிறு, குடல் டாக்டர் மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்த பெண்மணி. எனக்குக் குழாய் வைத்ததே அவர்தான். பரிசோதித்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தார்.

"என்ன போச்சு உள்ளே?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "கோதுமை அப்பம் டாக்டர்" என்றார் வின்சென்ட்.

"அப்பமா? அப்பத்தைக் கொண்டுபோய் யாராவது டியூப்ல போடுவாளா?"

"டேய், வாய மூடு" என்று தம்பியை அடக்கிவிட்டு, அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது ஆண்டவரோட திருவுடல் டாக்டர்."

டாக்டர் தட்டுவதை நிறுத்தினார். சிரிப்பை அடக்கியதாகத் தெரியவில்லை. யோசித்தார். "சரி, எனக்கு எழுதணுமே. உணவுத் துணுக்குன்னு போடட்டுமா?"

"சாப்பாடுன்னு எழுதாதீங்க."

"அப்போ மருந்துன்னு போடறேன்."

அக்கா தடுமாறினார். "மருந்துதான். ஆனா அந்த மருந்து இல்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், நான் சொல்றத எழுதுங்க. கோதுமை மாவுப் பொருள் குழாய் வழியா செலுத்தப்பட்டது. அதுக்கு அப்புறம் தண்ணி விடல. அதனால குழாய்க்குள்ள அடைப்பு. குழாய் விலகல, உடையல, துளையைச் சுத்தி சீழ் இல்ல. வெந்நீர்ல முயற்சி பண்ணியும் போகல. போதும்."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பண்றேள்?"

"டாக்டருங்க எழுதாம விட்டதத் தேடுறதுதான் டாக்டர் என் வேலை."

வாய்விட்டுச் சிரித்தார். நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் தட்டினார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "மாமி, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதேங்கோ. எங்காத்துல மாமனாருக்கு இதே டியூப். பெருமாள் தீர்த்தம்னு மாமியார் துளசியோட சேர்த்து ஊத்திட்டா. அப்படியே அடைச்சுண்டுடுத்து. நான் டாக்டர், பக்கத்து ரூம்லதான் இருந்தேன்" என்றார். அக்கா அப்போதுதான் மூச்சு விட்டார்.

ஏன் இப்படி எழுதச் சொன்னேன் என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டில் குழாய் அடைத்தால் நீங்களும் கேளுங்கள். "குழாய் மாற்றப்பட்டது" என்று மட்டும் இருந்தால், அடுத்த முறை வேறு டாக்டர் பார்க்கும்போது அது தானாகக் கழன்றதா, அடைத்ததா என்று அவருக்குத் தெரியாது. கழன்றதென்றால் உள்ளே சரியான இடத்தில் இருக்கிறதா என்ற கவலை, அடைத்ததென்றால் எதனால் என்ற கவலை. இரண்டுக்கும் வழி வேறு. காப்பீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்.

குழாயை இழுத்து எடுத்தார்கள். வலித்தது, பொய் சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு நொடிதான். நர்ஸ் அதை எடுத்துச் சிவப்புப் பையில் போடப் போனார். பிளாஸ்டிக் கழிவு அதில்தான் போக வேண்டும். அக்கா எழுந்து குறுக்கே நின்றார்.

"அதுல போடக் கூடாது. உள்ள நற்கருணை இருக்கு."

"மேடம், ரூல்ஸ் மேடம். நாளைக்கு எங்களத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும், என்னக் கூப்பிடு, நான் பதில் சொல்றேன்."

நானும் விடவில்லை. "அக்கா சொல்றது சரிதான் சிஸ்டர், கொஞ்சம் இருங்க" என்று ஆரம்பித்து, ஃபாதரையே போனில் பிடித்து, தண்ணீரில் கரைத்துச் சுத்தமான மண்ணில் ஊற்றலாம் என்று பதில் வாங்கினேன். டாக்டர் கத்தரியால் குழாயை நீளவாக்கில் வெட்டினார். நர்ஸ் ஒரு தட்டில் வைத்துக் கழுவினார். கழுவிய தண்ணீர் அக்காவின் பாட்டிலுக்குப் போனது, கோயில் தோட்டத்து மண்ணுக்காக. வெறும் குழாய் சிவப்புப் பைக்குப் போனது. எல்லோருக்கும் திருப்தி.

அப்போது டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோஸ்மேரி, உங்க டம்ளர் எங்கே?"

பையைத் துழாவினேன். வின்சென்ட் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, டி.வி. பக்கத்துலயே விட்டுட்டு வந்துட்டோம் டாக்டர்."

"ஆத்த விட்டுக் கிளம்பி எவ்வளவு நேரம் ஆறது? இங்க வந்து இத்தனை சண்டை போட்டேள், போன் பேசினேள், எனக்கே பாடம் நடத்தினேள். ஒரு தடவைகூடத் துப்பலையே. எச்சிலெல்லாம் எங்கே போச்சு?"

நான் வாய்க்குள் நாக்கைத் துழாவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"முழுங்கிண்டிருக்கேள்" என்றார் டாக்டர். என் தொண்டையில் இரண்டு விரலை வைத்து, "இப்போ ஒரு தடவை பண்ணுங்கோ" என்றார். யோசித்துச் செய்யப் போனதும் பயத்தில் வரவில்லை. "சரி, மறுபடியும் மாமியோட சண்டை போடுங்கோ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அதுவும் இறங்கியது. அவருடைய விரலுக்கடியில் என் தொண்டை மேலே ஏறி இறங்குவதை நானே உணர்ந்தேன். வின்சென்ட் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அக்கா சத்தமாக அழுதார். "யேசுவே, என் தப்பையும் நல்லதாக்கிட்டியே" என்றார்.

எப்போது திரும்பி வந்ததென்று யாருக்கும் தெரியாது. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்க வேண்டும் என்றாள் நித்யா. டம்ளர் கையிலிருந்ததால் நான் பழக்கத்தில் துப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். துளை மூடிவிடும் என்பதால் அன்று புதுக் குழாய் ஒன்றை வைத்து அனுப்பினார்கள். அடுத்த வாரம் மறுபடியும் வீடியோ சோதனை.

திரையில் என் மண்டையோடும் கழுத்தெலும்பும் தெரிந்தன. கெட்டியாகக் குழைத்த வெள்ளை மருந்தை நித்யா ஒரு சிறு கரண்டியில் ஊட்டினாள். நேராக உட்கார்ந்து விழுங்கியபோது பாதி தொண்டையின் இடப்பக்கம் தேங்கி நின்றது. நான் நித்யாவைப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க மேம். உங்க இடது பக்கம் இன்னும் தூங்குது. தலைய இடது தோள் பக்கம் நல்லாத் திருப்புங்க. அந்தப் பக்கம் மூடிக்கும், வலது பக்கமா இறங்கும். இப்ப முழுங்குங்க."

திருப்பினேன். விழுங்கினேன். திரையில் அந்த வெள்ளைக் கோடு வலப்பக்கமாக வழுக்கிக்கொண்டு நேரே இறங்கிப் போனது. ஆயிரம் நோயாளிகளின் இந்தச் சோதனையை எழுத்தில் படித்திருக்கிறேன். அது இவ்வளவு அழகாக இருக்கும் என்று எந்த டாக்டரும் எழுதியதில்லை.

அன்று வீட்டில் பருப்பு சாதத்தை நெய் விட்டுக் குழைத்து எடுத்துவந்தார் வின்சென்ட். தனக்கும் ஒரு தட்டு. மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். நான் வாயில் வாங்கி, தலையைத் திருப்பினேன். திரும்பிய பக்கம் ஃப்ரிட்ஜ்தான் இருந்தது. அவர் எழுந்து தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் இடப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஃப்ரிட்ஜப் பார்த்து எதுக்குச் சாப்பிடணும்? என்னப் பாரு" என்றார்.

சில வாரங்களில் குழாயையும் எடுத்துவிட்டார்கள். துளை எப்படி மூடும், தைப்பார்களா என்று கேட்டேன். தானாக மூடிக்கொள்ளும் என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். முதல் நாள் லேசாகக் கசிந்தது. அப்புறம் மூடிவிட்டது. இப்போது அங்கே இரண்டாவது தொப்புள் போல ஒரு குழி இருக்கிறது.

இப்போது மறுபடியும் அடையாறு அலுவலகத்துக்குப் போகிறேன். பக்கவாதம் விட்டுப்போன மிச்சம், வலது கைக்குச் சூடு, குளிர் இன்னும் தெரிவதில்லை. காபி டம்ளரை இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். "குழாய் அடைப்பு, வெந்நீரில் சரிசெய்யப்பட்டது" என்று ஒரு வரி வந்தால் முன்பெல்லாம் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். இப்போது அந்த வரிக்குள் சிரிஞ்சோடு பதறுகிற ஒரு வின்சென்ட் தெரிகிறார். அவர்கள் வீட்டில் என்ன ஊற்றினார்களோ என்று நினைத்துக்கொள்கிறேன். வேகம் கொஞ்சம் குறைந்துவிட்டது. மேலதிகாரி ஒன்றும் சொல்வதில்லை.

குழாயோடு இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். எது செலுத்தினாலும் முன்னும் பின்னும் தண்ணீர் விடுங்கள், யார் கையைப் பிடித்தாலும் விடுங்கள். மாத்திரையைத் தனியாகப் பொடித்துக் கரையுங்கள். அடைத்தால் முரட்டுத்தனமாக அழுத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்களைக் கவனித்துக்கொள்பவர் எங்கே நின்று சாப்பிடுகிறார் என்றும் பாருங்கள்.

எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு முடிய முன்பைவிட மூன்று மடங்கு நேரம் பிடிக்கிறது. முன்பு நாங்கள் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு, யார் என்ன சாப்பிட்டோம் என்றுகூடத் தெரியாமல் எழுந்து போவோம். இப்போது வாயில் வாங்குவேன், மெல்வேன், இடப்பக்கம் திரும்புவேன், அவர் முகத்தைப் பார்ப்பேன், விழுங்குவேன். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை. அவர் புருவத்தில் ஒரே ஒரு வெள்ளை முடி இருப்பது தெரிந்தது. பள்ளியில் எந்தப் பையன் ஓடும்போது அழுதான், யார் பந்தைக் கிணற்றுக்குள் போட்டான் என்றெல்லாம் தெரிந்தது. அவரும் எனக்காக மெதுவாகச் சாப்பிடப் பழகி, கணக்கில்லாமல் சோறு போட்டுக்கொண்டு, பெல்ட்டின் பழைய ஓட்டைக்கே திரும்பிவிட்டார்.

போன மாதம் நித்யா கடைசியாக ஒரு சோதனை வைத்தாள். தலையை நேராக வைத்தே விழுங்கச் சொன்னாள். தண்ணீர், கூழ், ரொட்டி எல்லாம் ஒரு சொட்டுத் தேங்காமல் இறங்கின. "சூப்பர் மேம். இடது பக்கமும் முழிச்சிடுச்சு. இனிமே திரும்பவே வேணாம், நேராவே சாப்பிடலாம்" என்றாள். வின்சென்ட் அப்போது கீழே ஸ்கூட்டர் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். மேலே வந்ததும், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "எல்லாம் நல்லாப் போகுதாம்" என்றேன்.

அன்று இரவு தோசை சுட்டு எடுத்துவந்து, என் இடப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விளையாட்டுச் செய்தியைத் தாண்டி எதையும் படிக்காத மனிதர், இதையும் படிக்க மாட்டார். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். மென்றேன். தோசை நேராகவே இறங்கியிருக்கும். நான் அவர் பக்கம் திரும்பினேன்.